ஆறினாலும் குடிக்கலாமா? கதைப் புத்தகமும் கோப்பியும்

கதைப் புத்தகத்துக்கு எந்தக் கோப்பி பொருந்தும் என்று பேச்சு வந்தால் எல்லோரும் சுவையில்தான் தொடங்குவார்கள். சோகமான கதைக்குக் கசப்புக் கோப்பி, காதல் கதைக்குப் பால் கோப்பி, மழைநாள் கதைக்கு இஞ்சி போட்டது. நானும் கொஞ்சக் காலம் அப்படித்தான் பார்த்துப் பார்த்துப் போட்டேன். பிறகு விட்டுவிட்டேன். சோகக் கதை என்று நம்பிக் கசப்பாகப் போட்டு வைத்தால், வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிற அத்தியாயம் ஒன்று நடுவில் வந்து நிற்கும். கதையின் குணம் முதல் பக்கத்தில் தெரிந்துவிடாது. அதன் நீளம் மட்டும் கையில் எடுத்தவுடனே தெரியும். அதனால் இப்போது கோப்பியைத் தெரிவு செய்யும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: இதை மறந்து வைத்துவிட்டால் என்ன ஆகும்?

நல்ல கதை கோப்பியை மறக்கத்தான் வைக்கும். கொக்குவிலில் அம்மம்மா வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்து வாசிக்கிற காலத்தில், குசினிக்குள் இருந்து "பிள்ளை, கோப்பி ஆறுது" என்று குரல் வரும். "ஓம் அம்மம்மா" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு பக்கம். பிறகு மறுபடியும் அதே குரல். கதிரையின் அகலமான கையில் வைத்த பேணியைத் தொட்டுப் பார்த்தால் சூடு போய்க் கனநேரமாகியிருக்கும். ஆனாலும் ஒரு நாளும் நான் அதை வெளியே ஊற்றியதில்லை. குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்புவேன். அது மல்லிக் கோப்பி. அந்த இடத்தில் பால் கோப்பி இருந்திருந்தால் இரண்டாவது மிடறு இறங்கியிருக்காது.

யாழ்ப்பாணத்தில் இன்றைக்கு வாசிக்கிற ஒருவருக்குக் கைக்கெட்டுகிற கோப்பிகள் என்று பார்த்தால் வீட்டு மல்லிக் கோப்பி, இந்தியாவில் இருந்து வருகிற தூளில் போடும் பில்டர் கோப்பி, போத்தலில் வருகிற இன்ஸ்டன்ட் கோப்பி, மலைநாட்டு அரபிக்காவில் போடும் கறுப்புக் கோப்பி, கடைசியாகக் கடையில் கிடைக்கிற ஐஸ் கோப்பியும் கப்புச்சினோவும். இவற்றை ஒரே தராசில் நிறுத்தி எது பெரிது என்று சொல்ல முடியாது. எந்த அளவு கதைக்கு எது தாங்கும் என்று சொல்லலாம்.

மல்லிக் கோப்பியில் இருந்து தொடங்குகிறேன். எனக்குப் பிடித்தது என்பதோடு, இதைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது. கோப்பிக் கொட்டையைத் தாச்சியில் கறுக்க வறுக்க வேண்டும். மல்லியைத் தனியாக, வாசம் எழும்பும் வரை மட்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு வறுத்தால் கொட்டை பதம் வருவதற்குள் மல்லி கருகிவிடும். வேர்க்கொம்பை, அதாவது சுக்கை, தட்டிச் சேர்க்க வேண்டும். சில வீடுகளில் கொஞ்சம் மிளகும் சேரும். எங்கள் வீட்டு அளவு ஒரு கிலோ கொட்டைக்குக் கால் கிலோ மல்லி, 50 கிராம் வேர்க்கொம்பு. பக்கத்து வீட்டில் மல்லி இன்னும் கூட, அவர்களுடைய கோப்பி எங்களுக்குக் கசாயம் போலத் தெரியும். முந்தி உரலில் இடித்து அரித்து எடுத்தார்கள், இப்போது மில்லில் கொடுத்துத் திரிக்கிறோம். மில்லில் மிளகாய்த்தூள் திரித்த கையோடு நம்முடையதைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். ஒருமுறை அப்படி வந்த தூளில் முழு மாதமும் காரக் கோப்பி குடித்தோம்.

வடிகட்டாத கோப்பி இது. தூளுக்கு மேலே கொதிநீரை ஊற்றிச் சீனி போட்டு ஆற்றினால் சரி. அல்லது சீனி போடாமல், குட்டானில் இருந்து பனங்கட்டியில் ஒரு துண்டு உடைத்துக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். வாசிப்புக்கு இந்த இரண்டாவது முறைதான் நல்லது. இனிப்பு வாயில் இருக்கும், கோப்பி பேணியில் இருக்கும், எவ்வளவு நேரம் கழித்து எடுத்தாலும் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது.

இப்போது மறதிச் சோதனை. மல்லிக் கோப்பியை 40 நிமிடம் மறந்து வைத்தால் அது கெடுவதில்லை, இன்னும் தெளிகிறது. மண்டி முழுக்க அடியில் இறங்கிவிடும். சூட்டோடு அவசரமாகக் குடிக்கும்போது நாக்கில் தட்டுப்படுகிற பொடி, ஆறிய பிறகு இருக்காது. வெறும் கோப்பி ஆறினால் ஒரு புளிப்பும் கசப்பும் மேலே வரும். இதில் மல்லியும் வேர்க்கொம்பும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. தொண்டையில் சின்னச் சூடு ஒன்று இருக்கிறதே, அது கோப்பியின் வெப்பத்தில் இருந்து வருவதில்லை, வேர்க்கொம்பில் இருந்து வருவது. ஆகவே ஆறிய பிறகும் அந்தச் சூடு இருக்கும். பெரிய நாவலுக்கு, ஒரு அமர்வில் 60, 70 பக்கம் போகிற வாசிப்புக்கு, வேறு எந்தக் கோப்பியும் இதற்குக் கிட்ட வராது என்பது என் துணிவு.

குறிப்பாக வாடைக் காலத்தில். கார்த்திகை, மார்கழியில் காற்று வடகிழக்கில் இருந்து திரும்பி, விறாந்தைச் சீமெந்து காலில் குளிர்கிற நாட்களில் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலை எடுத்துப் பாருங்கள். நெடுந்தீவுக் கரை, காற்றோடு வந்து காற்றோடு போகிற மீனவர்கள். வெளியில் அதே காற்று பனையோலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும். நான் அதை இரண்டு முறை வாசித்தது இரண்டு வாடையில். சித்திரை வெயிலில் மூன்றாம் முறை தொடங்கிப் பாதியில் மூடி வைத்தேன். நாவலில் குற்றமில்லை. அந்த வெக்கையில் மல்லிக் கோப்பி குடிக்க முடியவில்லை, அது இல்லாமல் அந்தப் புத்தகம் எனக்கு ஓடவில்லை. மல்லிக் கோப்பியின் பலவீனமும் இதுதான். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று கிளம்பிப் புழுதி பறக்கிற மத்தியானத்தில் அதைக் குடித்தால் வியர்வைதான் மிச்சம்.

பில்டர் கோப்பிக்கு வருவோம். பலாலிக்கும் சென்னைக்கும் விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, போய் வருகிறவர்கள் புடவையோடு பில்டரும் தூளும் கொண்டுவருகிறார்கள். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் ஒரு பித்தளைப் பில்டர் வந்து சேர்ந்தது. அந்தத் தூளில் பெரும்பாலும் சிக்கரி கலந்திருக்கும். அது ஒரு செடியின் வேர், வறுத்து அரைத்தது. அதில் கஃபீன் கிடையாது, ஆனால் டிகாக்ஷனுக்குக் கனமும் கறுப்பும் கொடுக்கும். மணமும் ருசியும் பார்த்தால், சுடச்சுடக் குடிக்கிற முதல் இரண்டு மிடறில், நான் சொன்ன ஐந்திலும் இதுதான் உச்சம். அதை மறுக்கவே மாட்டேன்.

ஆனால் மறதிச் சோதனையில் இது முழுத் தோல்வி. டம்ளரில் ஊற்றினால் எங்கள் வீட்டு மணிக்கூட்டின்படி 10 நிமிடத்தில் சூடு இறங்கிவிடுகிறது. மேலே ஆடை படியும். உதட்டில் ஒட்டுகிற அந்த ஆடையை விலக்கிக் குடித்தால் உள்ளே இருப்பது வேறு ஒரு பானம். திரும்பச் சூடாக்கினால் பால் வாடை. பால்மாவில் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம், அதனால் பில்டருக்குப் பசும்பால் கிடைக்காத நாளில் நான் அதைத் தொடுவதே இல்லை. ஆக நாவலுக்கு வேண்டாம். சிறுகதைக்கு?

இங்கேதான் எனக்குப் பிடிபடக் கனகாலம் எடுத்தது. சிறுகதை வாசித்துக்கொண்டே பில்டர் கோப்பி குடித்தால் இரண்டில் ஒன்று கெடும். எட்டுப் பக்கக் கதையில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கும், டம்ளருக்குக் கை நீட்டுகிற நேரத்தில் ஒரு வரி தவறிப்போகும். அதே நேரத்தில், பில்டரில் டிகாக்ஷன் இறங்க 15, 20 நிமிடம் எடுக்கும். ஒரு சிறுகதை வாசிக்கிற நேரமும் அதுதான். ஆகவே தூளைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, மூடிவிட்டு வந்து கதையை வாசியுங்கள். முடித்த பிறகு எழும்பிப் போய்ப் பாலைக் காய்ச்சிக் கோப்பியைக் கலவுங்கள். நல்ல சிறுகதையின் கடைசி வரிக்குப் பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டியிருக்கும். அடுத்த கதைக்குப் பக்கம் புரட்டினால் முதல் கதை செத்துவிடும். அந்த 10 நிமிடத்தைச் சும்மா இருந்து கழிக்க நம்மில் பலருக்குத் தெரியாது, கைபேசியை எடுத்துவிடுவோம். கையில் சூடான டம்ளர் இருந்தால் எடுக்க மாட்டோம். இந்தக் கோப்பிக்கு ஆறுவதற்கு நேரமே கிடைக்காது, குடித்து முடித்துவிடுவோம். தொகுப்பில் ஒரு நாளைக்கு ஒரு கதை, கதைக்குப் பிறகு ஒரு டம்ளர். நான் சிறுகதைத் தொகுப்புகளை மதிக்கத் தொடங்கியது இந்தப் பழக்கத்துக்குப் பிறகுதான்.

இன்ஸ்டன்ட் கோப்பியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. துப்பறியும் கதைக்கு, மாத நாவலுக்கு, அத்தியாயம் அத்தியாயமாகக் கொக்கி போட்டு இழுத்துப் போகிற கதைக்கு அது போதும். அத்தியாய முடிவில் எழும்பி, இரண்டு நிமிடத்தில் கலக்கிக்கொண்டு வந்து இருந்துவிடலாம். கொலையாளி யாரென்று தெரியாமல் பில்டருக்குத் தூள் நிரப்பிக்கொண்டு நிற்க யாருக்குப் பொறுமை? ஆறினால் நன்றாக இராது, ஆனால் ஊற்றிவிட்டு வேறு கலக்க மனம் வரும். 'நூலகம்' இணையத்தளத்தில் பழைய ஈழத்து நாவல்களைக் கைபேசியில் வாசிப்பவர்களுக்கும் இது வசதி. 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில், கடையில் கிடைக்காத எத்தனையோ புத்தகங்கள் இலவசமாகக் கிடக்கின்றன. ஒரு கையில் கைபேசி, மறு கையில் கோப்பை, அவ்வளவுதான் தேவை.

மலைநாட்டுக் கறுப்புக் கோப்பிக்கு வரும்போது கொஞ்சம் நிற்க வேண்டும். இலங்கை என்றால் தேயிலை என்றுதான் உலகம் அறியும். ஆனால் முதலில் வந்தது கோப்பி. 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய தோட்டங்கள் அரை நூற்றாண்டில் மலை முழுக்கப் பரவின. 1869இல் இலையின் அடியில் செம்மஞ்சள் பொடியாகப் படிகிற துரு நோய் இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இருபது வருடங்களுக்குள் அந்தத் தோட்டங்கள் அழிந்தன. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. கோப்பிப் பழம் பறிக்கிற காலத்துக்கு மட்டும் தமிழ்நாட்டில் இருந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள், வருடம் முழுக்கக் கொழுந்து கிள்ள வேண்டிய தேயிலை வந்த பிறகு லயங்களிலேயே நிலைத்தார்கள். அதற்கு முன் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்த நடையில் எத்தனையோ பேர் வழியிலேயே இறந்தார்கள். அந்த நடை நம்முடைய வடக்கில்தான் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் இருந்து மலையகக் கதைகளை வாசிக்கிற எங்களுக்கு இது நினைவில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மலையகக் கதைகளில் எங்கே பார்த்தாலும் கொழுந்து, கூடை, கங்காணி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு. கோப்பி பெரும்பாலும் பாட்டன் காலத்துப் பேச்சாகத்தான் வரும். இந்தக் கதைகளுக்குத் தேத்தண்ணிதானே பொருத்தம் என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் மலைநாட்டு அரபிக்காவைப் பால் இல்லாமல் போடுகிறேன். 250 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 15 கிராம் தூள், கொரகொரப்பாகத் திரித்தது, கொதித்து இறக்கி அரை நிமிடம் விட்ட தண்ணீர், நான்கு நிமிடம் மூடி வைத்து வடித்தால் போதும். இந்தக் கோப்பியின் விசேஷம், ஆற ஆற அதன் ருசி மாறுவது. சூட்டில் கசப்பாக இருந்தது, வெதுவெதுப்பில் பழப் புளிப்பாகும், முழுக்க ஆறும்போது ஒரு மெல்லிய இனிப்பு வரும். கறுக்க வறுத்த மலிவுத் தூளில் இது நடக்காது, அது ஆறினால் வெறும் கரிதான். நடுத்தர வறுவல் வேண்டும். அதனால் மறதிச் சோதனையில் இதற்குப் பாதி மதிப்பெண்: முற்றாக மறந்துவிட்டால் அந்த மாற்றங்களைத் தவறவிடுவோம், இடைக்கிடை நினைத்துக்கொண்டால் ஒரே கோப்பையில் மூன்று கோப்பி. நிறுத்தி நிறுத்தி வாசிக்கிற புத்தகத்துக்கு, ஒரு பந்தியை வாசித்துவிட்டு மதிலைப் பார்த்துக்கொண்டிருக்க வைக்கிற எழுத்துக்கு இது சரி. விலைதான் கை கடிக்கும். வாரத்தில் ஒரு நாளுக்கு என்று வைத்துக்கொண்டால் தாங்கலாம்.

ஐஸ் கோப்பி வெயிலுக்கு நல்லது, புத்தகத்துக்கு ஆகாது. ரின்பால் இனிப்பும் குளிரும் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும், போத்தல் வியர்த்துப் பக்கத்தை நனைக்கும். இரவல் புத்தகம் என்றால் கிட்டவே கொண்டுபோக வேண்டாம். நல்லூர்ப் பக்கம் குளிரூட்டிய கோப்பிக் கடைகளில் கப்புச்சினோ வாங்கி வைத்துக்கொண்டு வாசிப்பவர்களைப் பார்க்கிறேன். நுரை ஒரு மூடி போல நின்று சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைக்கிறது என்பது உண்மை. ஆனால் இரண்டு மூன்று கப்புச்சினோ விலையில் ஒரு நாவல் வாங்கலாம் என்கிற கணக்கு என் தலையை விட்டுப் போவதில்லை. வீட்டில் வாசிக்க அமைதி இல்லாதவர்களுக்கு, முக்கியமாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு, அந்தக் காசு இடத்துக்குக் கொடுக்கிற வாடகை என்று எடுத்துக்கொண்டால் நியாயமானதுதான்.

எது என்றாலும் இரவு விஷயம் ஒன்று இருக்கிறது. உடம்பில் சேர்ந்த கஃபீனில் பாதி போகவே ஏறத்தாழ 5 மணி நேரம் எடுக்கும், ஆளுக்கு ஆள் கூடிக் குறையும். இரவு 9 மணிக்குக் குடித்தால் 2 மணிக்கும் பாதி உள்ளே நிற்கும். ரொபஸ்டாக் கொட்டையில் அரபிக்காவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபீன். துரு நோயைத் தாங்குகிற மரம் என்பதால் பல நாடுகளில் அதுதான் பரவியது, இன்ஸ்டன்டிலும் அது கணிசமாகச் சேர்கிறது. ஆகவே இரவில் துப்பறியும் கதையையும் இன்ஸ்டன்டையும் சேர்த்தால் கதை முடிந்த பிறகும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். மல்லிக் கோப்பியில் தூளின் ஒரு பங்கு மல்லி என்பதால் அந்த அளவுக்குக் கஃபீன் குறைவு. இராச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசிக்கிறவர்கள் மல்லியைக் கூட்டிக் கொட்டையைக் குறைத்துத் தனியாக ஒரு தூள் திரித்து வைத்துக்கொள்ளலாம். நான் பாதிக்குப் பாதி வைத்திருக்கிறேன். சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி வைத்தால் எல்லாக் கோப்பியும் தாங்குமே என்று ஒருவர் கேட்டார். மல்லிக் கோப்பி தாங்கும், பால் சேர்த்த எதுவும் போத்தலில் ஒரு மணி நேரம் இருந்தால் வாடை மாறிவிடும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும், என்ன வாசிப்பேன் என்றும் இன்னும் தெரியாது என்பவருக்கு: மல்லிக் கோப்பித்தூள் கால் கிலோ. அதை வைத்துக்கொண்டு நாவலும் வாசிக்கலாம், சிறுகதையும் வாசிக்கலாம், தடிமன் வந்தால் மருந்தாகவும் குடிக்கலாம்.

பாத்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் வீட்டில் ஒரு மூக்குப்பேணி இருக்கிறது, நல்ல வெண்கலம், அம்மம்மாவின் சீதனத்தோடு வந்தது. வாய் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பதற்கென்று செய்தது. அண்ணாந்தால் பக்கம் தெரியாது, ஆகவே வாசிக்கிற நேரத்துக்கு உதவாது. அது ஒன்றும் பெரிய குறையில்லை. வேறு ஒரு காரணத்துக்காகத்தான் நான் அதை அலுமாரியை விட்டு எடுப்பதில்லை.

கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் சாதியால் ஒடுக்கப்பட்டவர்களின் வாழ்வையும் போராட்டத்தையும் சொல்கிற நாவல். அதை முதல் முறை வாசித்தபோது என் சோதனையை மாற்ற வேண்டி வந்தது. தேத்தண்ணிக் கடைகளுக்குள் அந்த மக்களை விடாமல், வெளியில் நிற்க வைத்து, சிரட்டையிலும் தகரப் பேணியிலும் போத்தலிலும் ஊற்றிக் கொடுத்த ஊர் இது. 1957இல் இதைத் தடுக்கிற சட்டம் வந்தது, அதற்குப் பிறகும் கடைகள் அவர்களுக்குத் திறக்கவில்லை. 1960களின் கடைசியில் கடைக்குள் போய் இருந்து ஒரு கிளாஸ் தேத்தண்ணி கேட்பதற்காக ஆட்கள் அடிபட்டார்கள், உயிரும் விட்டார்கள். கோயிலுக்குள் விடச் சொல்லி மாவிட்டபுரம் கோயில் வாசலில் 1968இல் நடந்ததும் அதே போராட்டத்தின் இன்னொரு முகம். டானியல் அந்த இயக்கத்துக்குள் நின்றவர்.

இந்த ஒரு நாவலுக்கு, மறந்து வைக்கக்கூடிய கோப்பி வேண்டாம். வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்து, வாய் படாத பேணியை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு இதை வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில் ஒரு சாதாரணக் கடையில் மூலை வாங்கில் இருந்து, நாளுக்கு ஒரு அத்தியாயமாக வாசித்தேன். கோப்பி சுமார்தான், சீனி கூட, கிளாஸ் சூட்டில் விரல் சுட்டது. எனக்கு முன் யார் குடித்தார்கள் என்று தெரியாத கிளாஸ், எனக்குப் பின்னும் யார் என்று தெரியாது. ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் ஒரு மிடறு குடித்தேன். 12 நாள் எடுத்தது. கடைசி நாள் கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுதோ பிள்ளை? முடிஞ்சால் எனக்கு ஒருக்காத் தாங்கோ" என்றார். கொடுத்துவிட்டு வந்தேன்.